வேதிப் பிணைப்பும் வேதிவினையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கு வார இறுதியில் வேதியியல் துணைப்பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் கேட்கிறார்கள். தமிழகத்தில் தமிழ்வழியில் படித்து இங்கே குடியேறியவர்கள், இங்கேயே பிறந்து பள்ளியோடு வேதியியலைக் கைகழுவியவர்கள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து தாங்களே பாடத்தில் மூழ்கிவிட்டவர்கள் என்று பலதரம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இது பாடநூலின் வரிசை அல்ல. எங்கெங்கே இடறுகிறார்களோ அந்த வரிசை.

எந்தக் கேள்வியானாலும் நான் முதலில் இரண்டு விஷயங்களைத்தான் பார்ப்பேன். எந்தத் துகளை எந்தத் துகள் இழுத்துப் பிடித்திருக்கிறது? மாற்றம் நடக்கும்போது அந்தப் பிடிகளில் எது விடுபடுகிறது? இவ்விரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்த மாணவருக்கு இப்பாடத்தில் மனப்பாடம் செய்ய மிகக் கொஞ்சமே மிஞ்சும்.

எங்கிருந்து தொடங்குவது? தனிம வரிசை அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அட்டவணையில் இன்று 118 தனிமங்கள் இருக்கின்றன. தேர்வில் வினாத்தாளோடு அட்டவணையையும் கொடுத்துவிடுகிறார்கள். முதல் 20 தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பைத் தயங்காமல் எழுத வந்தால் போதும். எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றிக் கூடு கூடாக இருக்கின்றன: முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 8, மிச்சம் நான்காவதில். சோடியம் 2,8,1. குளோரின் 2,8,7. கால்சியம் 2,8,8,2. கடைசிக் கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள்தாம் பிணைப்பில் ஈடுபடுகின்றன. உள்ளே இருப்பவை ஏறத்தாழ வேடிக்கை பார்க்கின்றன.

மெண்டலீவ் 1869இல் தம் அட்டவணையை வெளியிட்டபோது எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அது 1897இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தனிமங்களின் குணங்களை மட்டும் வைத்தே அவர் அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துவிட்டார். ஏன் அப்படிப் பிரிகின்றன என்பதற்கான விடை கடைசிக் கூட்டில் இருந்தது.

“அணுக்கள் எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்று ஆசைப்படுகின்றன, அதனால் பிணைகின்றன” என்று என் மகள் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாள். சரிதானா?

எட்டு என்ற எண் சரி. ஆசைதான் இடிக்கிறது. சோடியம் தன் எலக்ட்ரானைத் தாராளமாகத் தூக்கிக் கொடுக்கிறது, குளோரின் கைநீட்டி வாங்கிக்கொள்கிறது என்ற கதையை எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை தள்ளாடுகிறது.

வாயு நிலையில் உள்ள ஒரு மோல் சோடியம் அணுக்களை எடுத்துக்கொள்வோம். மோல் என்பது ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான்: ஏறத்தாழ 6.02 × 10²³. அந்த அணுக்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க ஏறத்தாழ 496 கிலோஜூல் ஆற்றல் செலவாகிறது. சோடியம் சும்மா கொடுப்பதில்லை, பிடுங்கத்தான் வேண்டியிருக்கிறது. குளோரின் அணுக்கள் அந்த எலக்ட்ரான்களை ஏற்கும்போது ஏறத்தாழ 349 கிலோஜூல் வெளிவருகிறது. வரவைச் செலவிலிருந்து கழித்தால் 147 கிலோஜூல் துண்டு விழுகிறது. எலக்ட்ரான் கைமாறுவதோடு கதை முடிந்துவிடுமானால் உப்பு என்ற பொருளே உருவாகியிருக்காது.

அந்தத் துண்டை அடைப்பது அடுத்த படி. எலக்ட்ரானை இழந்து நேர்மின்சுமை பெற்ற சோடியம் அயனிகளும் அதை ஏற்று எதிர்மின்சுமை பெற்ற குளோரைடு அயனிகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு படிகமாக அடுக்கப்படும்போது ஒரு மோலுக்கு ஏறத்தாழ 787 கிலோஜூல் வெளிவருகிறது. பற்றாக்குறை தீர்ந்து மிச்சமும் இருக்கிறது. ஆக, பிணைப்பை நடத்துவது ஆசையோ எட்டு என்ற மந்திர எண்ணோ அல்ல. எதிரெதிர் மின்சுமைகள் நெருங்கினால் மொத்த ஆற்றல் குறைகிறது. ஆற்றல் குறைந்த அமைப்பு நிலைக்கிறது. எட்டு என்பது பெரும்பாலும் அந்த அமைப்பில் நாம் காணும் விளைவு.

உயர்நிலைத் தேர்வுக்கு இந்தக் கிலோஜூல் கணக்கெல்லாம் தேவையில்லை. “மந்த வாயுவின் நிலையான எலக்ட்ரான் அமைப்பை அடைகின்றன” என்று எழுதினாலே மதிப்பெண் உண்டு (மந்த வாயு என்பது நியான், ஆர்கான் போல எளிதில் எதனோடும் சேராத வாயு). ஆனாலும் உங்கள் மகளிடம் ஒருமுறை இதைக் காட்டுங்கள். பதினைந்து வயதில் இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

அயனிப் பிணைப்பு என்றால் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குவது என்று எழுதினேன். மதிப்பெண் கிடைக்கவில்லை. ஏன்?

கொடுத்து வாங்குவது அயனிகள் உருவாகும் விதம். பிணைப்பு என்பது அவை உருவான பிறகு எதிரெதிர் மின்சுமைகளுக்கு இடையே இருக்கும் இழுவிசை. இரண்டும் வேறு.

இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டு உப்பில் “சோடியம் குளோரைடு மூலக்கூறு” என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் அயனிகள் என்று படிகம் முழுவதும் அதே அடுக்குதான். எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குச் சொந்தம் என்று கேட்கவே முடியாது. உப்பை உருக்க வேண்டுமானால் இந்த வலுவான பிடிகளையெல்லாம் தளர்த்த வேண்டும். அதனால்தான் அதன் உருகுநிலை 801 டிகிரி செல்சியஸ். மெக்னீசியம் ஆக்சைடில் இரு பக்கமும் மின்சுமை இரட்டிப்பு, அயனிகளும் சிறியவை. அதன் உருகுநிலை 2,800 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. உலைகளின் உட்சுவருக்கு அதைப் பூசுவதற்குக் காரணம் இதுவே.

சகப்பிணைப்பில் யார் யாரை இழுக்கிறார்கள்? அங்கேதான் மின்சுமையே இல்லையே.

நல்ல கேள்வி. பெரும்பாலான மாணவர்கள் இதைக் கேட்காமலேயே படம் வரைந்து தள்ளிவிடுகிறார்கள்.

அயனி இல்லை என்பதால் மின்சுமை இல்லை என்று ஆகிவிடாது. அணுக்கருக்கள் நேர்மின், எலக்ட்ரான்கள் எதிர்மின். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது நடுவே அமையும் எலக்ட்ரான் இணையை இரு அணுக்கருக்களும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. அந்தப் பொது இழுப்புதான் பிணைப்பு. அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1916இல் இந்த எலக்ட்ரான் இணைக் கருத்தை முன்வைத்தார். இன்றும் பள்ளியில் புள்ளியும் குறுக்குக்குறியும் போட்டு நாம் வரைவது அவர் புள்ளி வைத்து வரைந்த முறையின் வழிவந்ததுதான்.

வரையும்போது ஒரே எச்சரிக்கை: பங்கிடாத எலக்ட்ரான்களை மறந்துவிடாதீர்கள். நீரில் ஆக்சிஜனுக்கு இரண்டு பிணைப்பு இணைகள் போக இன்னும் இரண்டு தனி இணைகள் இருக்கின்றன. விடைத்தாள்களில் அதிகம் காணாமல் போவது இவைதாம்.

சகப்பிணைப்பு வலுவானது என்கிறீர்கள். பிறகு ஏன் மீத்தேன் வாயுவாக இருக்கிறது?

இந்த ஒரு கேள்விக்கு விடை புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மீத்தேன் மூலக்கூற்றின் உள்ளே கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பு வலுவானதுதான். ஆனால் ஒரு மீத்தேன் மூலக்கூற்றுக்கும் பக்கத்து மீத்தேன் மூலக்கூற்றுக்கும் இடையே உள்ள இழுவிசை மிகவும் பலவீனம். திரவ மீத்தேனைக் கொதிக்க வைக்க இந்தப் பலவீனமான விசையைத் தாண்டினால் போதும். அது −161 டிகிரியிலேயே நடந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் பிணைப்புகளை யாரும் தொடவே இல்லை.

வகுப்பில் நான் கேட்பது இது: தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது? ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று ஒருவராவது சொல்லிவிடுவார். அப்படி இருந்தால் எரிவாயு அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைப்பவர் எவரும் உயிரோடு மிஞ்ச மாட்டார். உள்ளே இருப்பது நீராவி, முழு மூலக்கூறுகளாக. கொதிக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. எதுவும் உள்ளே உடைவதில்லை.

கார்பன் டை ஆக்சைடையும் மணலின் முக்கியப் பொருளான சிலிக்கன் டை ஆக்சைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சகப்பிணைப்பு, கார்பனும் சிலிக்கனும் அட்டவணையில் ஒரே நெடுவரிசை. முன்னது −78 டிகிரியிலேயே திண்மத்திலிருந்து நேரே வாயுவாகிறது. ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டுத் தரும் உலர்பனி அதுதான். பின்னது உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். காரணம், முன்னதில் தனித்தனி மூலக்கூறுகள். பின்னதில் மூலக்கூறே கிடையாது. பிணைப்புகள் வலைபோல முழுக்கப் பின்னிக் கிடக்கின்றன, உருக்க வேண்டுமானால் பிணைப்பையே உடைக்க வேண்டும். வைரமும் அந்த ரகம்தான்.

“சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு” என்று ஒற்றை வரியாக மனப்பாடம் செய்தவர்கள் மணலைக் கண்டதும் தடுமாறுவது இதனால்தான். அந்த வரியை அழித்துவிட்டு, “தனி மூலக்கூறுகளா, வலையா?” என்று எழுதி வையுங்கள்.

உப்பு தண்ணீரில் கரைவது வேதிவினையா?

பள்ளிப் பாடத்தில் இதைப் பௌதிக மாற்றம் என்கிறார்கள். தண்ணீர் ஆவியானால் அதே உப்பு திரும்பக் கிடைக்கிறது, புதுப்பொருள் எதுவும் உருவாகவில்லை என்பது அவர்கள் வாதம். தேர்வில் அப்படியே எழுதுங்கள். ஆனாலும் கரையும்போது அயனிகளுக்கு இடையே இருந்த பிடி விடுபடுகிறது, நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன என்பதும் உண்மை. எல்லைக்கோடு பாடநூலில் தெரியும் அளவுக்கு அழுத்தமானது இல்லை.

அயனிகள் நடமாடத் தொடங்குவதால் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. திண்ம உப்பு கடத்தாது. துவாஸில் 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலும், பயன்படுத்திய நீரைத் தூய்மையாக்கும், 2003இல் அறிமுகமான நியூவாட்டர் ஆலைகளிலும் நடப்பது இதன் மறுபக்கம். மிகுந்த அழுத்தம் கொடுத்து நீரை ஒரு சவ்வின் வழியே தள்ளுகிறார்கள். நீர் மூலக்கூறுகள் கடந்து போகின்றன, அயனிகள் பெரும்பாலும் இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. அங்கே எந்த வேதிப்பிணைப்பும் உடைவதில்லை.

உலோகப் பிணைப்புக்கு ஏதாவது வீட்டு உதாரணம்?

பூசை அறைக் குத்துவிளக்கு. பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்த உலோகக் கலவை. நேர்மின் அயனிகள் அடுக்கடுக்காக நிற்க, கடைசிக் கூட்டு எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் முழு உலோகத்திலும் திரிகின்றன. அயனிகளுக்கும் இந்த எலக்ட்ரான்களுக்கும் இடையே உள்ள இழுவிசைதான் பிணைப்பு. அடுக்குகள் நழுவினாலும் இழுவிசை விடாது. அதனால்தான் உலோகத்தைத் தட்டி வளைக்க முடிகிறது. உப்புக் கல்லைத் தட்டினால் தூளாகிறது. தூய தாமிரத்தைவிடப் பித்தளை கடினம், ஏனென்றால் அளவில் வேறுபட்ட அணுக்கள் இடையே புகுந்து அடுக்குகள் நழுவுவதைத் தடுக்கின்றன.

கறுத்துப்போன விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் பாடத்தில் இருக்கும் வினைதான். மேலே படிந்திருக்கும் தாமிர ஆக்சைடு ஒரு காரப்பொருள், புளியில் டார்டாரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் உப்பும் (சாப்பாட்டு உப்பல்ல, தாமிரத்தின் உப்பு) நீரும். உப்பு கழுவலில் போய்விடுகிறது.

வேதிவினை நடந்தது என்பதைக் கண்ணால் காட்ட எளிய வழி?

ஆரத்தித் தட்டு. மஞ்சள் கரைத்த நீரில் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சிட்டிகையளவு போடுங்கள். லிட்டில் இந்தியாவில் வெற்றிலை விற்கும் கடைகளில் கிடைக்கும். நீர் உடனே சிவக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் ஒரு ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அதன் எலக்ட்ரான் பரவல் மாறுவதால் அது உறிஞ்சும் ஒளியும் மாறுகிறது, நிறம் மாறித் தெரிகிறது. இப்போது எலுமிச்சையைப் பிழிந்தால் மஞ்சள் திரும்பி வரும். ஆய்வகத்தில் லிட்மஸ் செய்யும் வேலையும் இதுவே. சுண்ணாம்பைக் கையால் தொட விடாதீர்கள், கரண்டியால் எடுக்கட்டும். கண்ணில் பட்டால் ஆபத்து.

சிதைவு, சேர்க்கை, நடுநிலையாக்கல் என்று வினைவகைகள் நீள்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பொருளில் பார்க்க முடியுமா?

எல்லாவற்றையும் முடியாது. நிறையப் பார்க்கலாம், அந்தப் பொருளும் அதே சுண்ணாம்புதான். எனக்கு மிகவும் பிடித்த பாடம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட். காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சிதைகிறது:

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு

கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் சீறிக்கொண்டு கொதிக்கும் அளவுக்குச் சூடு கிளம்பும். நம் ஊர்க் கொத்தனார்கள் நீற்றுதல் என்று சொல்லும் வேலை இது:

கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு

இந்த நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசிவிட்டால், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல ஏற்று மறுபடியும் கல்லாகிறது:

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்

முதல் வினை வெப்பத்தை உட்கொள்கிறது, மற்ற இரண்டும் வெளிவிடுகின்றன. ஆய்வகத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் பால்போல் வெளுப்பதும் இந்த மூன்றாவது வினைதான்.

இனி நம் கேள்விக்கு வருவோம்: எது விடுபட்டது? மூன்று வினைகளிலும் கால்சியம் அயனி அசையவே இல்லை. இரண்டு எலக்ட்ரானை இழந்த கால்சியம் அயனியாகவே தொடக்கம் முதல் கடைசி வரை இருக்கிறது. மாறியதெல்லாம் அதன் கூட்டாளி. காளவாயில் கார்பனேட் அயனிக்குள் இருந்த ஒரு கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு அறுந்து, கார்பன் டை ஆக்சைடு பறந்துபோக, ஆக்சைடு அயனி தங்கியது. நீற்றும்போது அந்த ஆக்சைடு அயனி நீர் மூலக்கூற்றிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பறித்து, இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் பிறந்தன. சுவரில் கார்பனேட் திரும்ப அமைந்தது. எந்த அணுவும் எலக்ட்ரானை இழக்கவோ ஏற்கவோ இல்லை என்பதால் இவை ஆக்சிஜனேற்ற–ஒடுக்க வினைகள் அல்ல. “ஆக்சைடு என்று பெயரில் வருகிறதே” என்று ஏமாறுபவர்கள் உண்டு.

இதைப் பார்க்க ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. நகர மண்டப எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போகலாம். 1856இல் தொடங்கி 1861 வாக்கில் எழுந்த கட்டடம். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். உட்சுவர்ப் பூச்சுக்கு மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும் பசையாக அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைக் கலந்து பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். அந்தப் பளபளப்பைப் பற்றி அக்காலத்தவர் வியந்து எழுதியிருக்கிறார்கள். பெயர் பதிவாகாத அந்தத் தொழிலாளிகளுக்கு மூன்றாவது சமன்பாட்டை எழுதத் தெரிந்திருக்காது. எத்தனை நாள் காய விட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

சமன்பாட்டைச் சமன் செய்யும்போது எப்போதும் சிக்கிக்கொள்கிறேன்.

அணுக்கள் பிறப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. இடப்பக்கம் எத்தனையோ வலப்பக்கமும் அத்தனை. மீத்தேன் எரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீத்தேனில் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன். ஒரு கார்பனுக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு. நான்கு ஹைட்ரஜனுக்கு இரண்டு நீர். இப்போது வலப்பக்க ஆக்சிஜனை எண்ணுங்கள்: இரண்டும் இரண்டும் நான்கு. ஆக்சிஜன் மூலக்கூற்றில் இரண்டு அணு என்பதால் இடப்பக்கம் இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும்.

மீத்தேன் + 2 ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + 2 நீர்

தனித்து நிற்கும் தனிமத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். செய்யவே கூடாதது ஒன்று உண்டு. எண்ணிக்கை இடிக்கிறது என்று வாய்பாட்டுக்குள் இருக்கும் சிறு எண்ணை மாற்றுவது. நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனை இரண்டாக்கினால் அது நீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி மீத்தேன். இதைப் படிக்கும் உங்கள் திரைக்குப் பின்னாலும் இந்தச் சமன்பாடுதான்.

பிணைப்பு உடையும்போதுதானே ஆற்றல் வெளிவருகிறது?

இல்லை. இந்தத் தவறான எண்ணம் உயர்நிலையைத் தாண்டித் தொடக்கக் கல்லூரி வரை கூடவே வருகிறது. “உணவில் உள்ள பிணைப்புகளில் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது, உடைத்தால் வெளிவரும்” என்று எங்கோ கேட்டது மனத்தில் ஊறிவிடுகிறது.

ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காந்தங்களைப் பிரிக்க நாம்தான் பலம் போட வேண்டும். பிணைப்பும் அப்படியே: உடைக்க ஆற்றல் செலவு, உருவாகும்போது ஆற்றல் வரவு. விதிவிலக்கே இல்லை. எரிதல் சூட்டைத் தருகிறது என்றால், புதிதாக உருவான பிணைப்புகள் கொடுத்தது பழையவற்றை உடைக்கச் செலவானதைவிட அதிகம் என்று பொருள்.

ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு உருவாவதைக் கணக்கிடுவோம். எல்லாம் மோலுக்கு, ஏறத்தாழ மதிப்புகள்.

உடைப்பது: ஒரு ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு 436, ஒரு குளோரின்–குளோரின் பிணைப்பு 242. மொத்தச் செலவு 678 கிலோஜூல்.
உருவாவது: இரண்டு ஹைட்ரஜன்–குளோரின் பிணைப்புகள், ஒவ்வொன்றும் 431. மொத்த வரவு 862 கிலோஜூல்.

மிச்சம் 184 கிலோஜூல் வெப்பமாக வெளியேறுகிறது. வினையின் ஆற்றல் மாற்றத்தை −184 என்று எழுதுகிறோம். குறி எதிர்மறையாக இருப்பது பல பிள்ளைகளுக்குப் புதிராகவே இருக்கிறது. கணக்கை நம் பக்கமிருந்து பார்க்காமல் வினைப்பொருள்களின் பக்கமிருந்து பாருங்கள். அவற்றின் கையிருப்பு 184 குறைந்துவிட்டது. அதுதான் அந்தக் கழித்தல் குறி.

சூட்டைத் தரும் வினைதானே, பிறகு எதற்குத் தீக்குச்சி?

முதல் சில பிணைப்புகளை உடைக்கும் செலவை யாராவது முன்பணமாகக் கட்ட வேண்டும். அதைக் கிளர்வு ஆற்றல் என்கிறோம். வினை தொடங்கிவிட்டால் வரும் வெப்பமே அடுத்தடுத்த மூலக்கூறுகளுக்குப் போதும். வினையூக்கி என்பது அந்த முன்பணம் குறைவாகத் தேவைப்படும் வேறொரு வழியைத் திறந்துவிடுவது. அமோனியா தயாரிக்கும் ஹேபர் முறையில் இரும்பு அந்த வேலையைச் செய்கிறது. அப்படியும் ஏறத்தாழ 450 டிகிரி தேவைப்படுகிறது, ஏனென்றால் நைட்ரஜனின் மும்மைப் பிணைப்பு அவ்வளவு பிடிவாதமானது. கூடவே கொடுக்கும் 200 மடங்கு வளிமண்டல அழுத்தம் அமோனியா அதிகமாகக் கிடைப்பதற்காக.

ஏழு சிறு தீவுகளை மண் நிரப்பி இணைத்து உருவான நம் ஜூரோங் தீவில் வேறு வழி. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நாப்தாவை நீராவியோடு 800 டிகிரியைச் சுற்றியோ அதற்கு மேலோ கணநேரம் சூடாக்கி, கார்பன்–கார்பன் பிணைப்புகளை நேரடியாக உடைத்து எத்தீன் எடுக்கிறார்கள். வினையூக்கி இல்லை, வெப்பம் மட்டும்தான். அந்த எத்தீனிலிருந்துதான் பாலித்தீன் பை.

வீட்டில் செய்யவே கூடாதது எது?

குளியலறைக் கறை போக்கும் அமிலத் திரவத்தையும் துணி வெளுக்கும் ப்ளீச்சையும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வெளிவரும். ப்ளீச்சை அமோனியா கலந்த திரவத்தோடு சேர்த்தாலும் நச்சு வாயுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறை சிறியது, கதவைச் சாத்திக்கொண்டு கழுவும் பழக்கம் வேறு. இது விளையாட்டல்ல.

தமிழ்வழியில் படித்த நான் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு எப்படி உதவுவது?

அவர் உங்களுக்குப் பாடம் நடத்தட்டும், தமிழிலோ ஆங்கிலத்திலோ. நீங்கள் கேட்க வேண்டியவை: “இதில் என்ன துகள்கள் இருக்கின்றன? எது எதை இழுக்கிறது? சூடாக்கினால் எந்தப் பிடி விடும்?” பிள்ளை “அது அப்படித்தான்” என்று சொல்லும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை மட்டும் பள்ளி ஆசிரியரிடம் கேட்கச் சொன்னால் போதும். துணைப்பாடம் எடுப்பவன் நானே இதைச் சொல்கிறேன்: இது நடந்தால் பல பிள்ளைகளுக்கு என் வகுப்பு தேவைப்படாது.

2027இல் தேர்வு மாறுகிறதே, இந்தப் பாடமும் மாறுமா?

சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக 2027 முதல் ஒரே சிங்கப்பூர்–கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ். பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் எழுதுவார்கள். பெயர் மாறுவதால் சோடியத்தின் கடைசிக் கூட்டில் எலக்ட்ரான் எண்ணிக்கை மாறப்போவதில்லை.

மந்த வாயுக்கள் எதனோடும் சேரவே சேராதா?

பல பத்தாண்டுகளாக அப்படித்தான் பெரும்பாலோர் நம்பினார்கள். 1962இல் கனடாவின் வான்கூவரில் நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர், பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூற்றிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூற்றிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் செலவும் செனான் அணுவிடமிருந்து பிடுங்க ஆகும் செலவும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பது அவர் கண்ணில் பட்டது. செனானையும் பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடையும் கலந்தார், ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு திண்மம் படிந்தது. அது செனானின் முதல் சேர்மம். அதே ஆண்டில் செனானும் ஃபுளோரினும் நேரடியாகச் சேர்ந்த சேர்மங்களும் வந்துவிட்டன. செனான் டெட்ராஃபுளோரைடில் செனானைச் சுற்றி எட்டு அல்ல, பன்னிரண்டு எலக்ட்ரான்கள். உயர்நிலைத் தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள்.